பாசஞ்சர் விட்டுப்போன செருப்பு

…செருப்பு அங்கேயே கிடக்கிறது, படகில், இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்து, நீல வாரில் கறுப்பு நூல் போட்டுத் தைத்த செருப்பு, நான் ஒரு பொம்பளையோட செருப்பு என்று அது வாய்விட்டுக் கத்தாததுதான் பாக்கி. எப்படி மறந்தாள்? மற்றதையெல்லாம் ஞாபகமாக எடுத்தாளே, கண்ணாடிக் கூடு, சீப்பு, தலைவலித் தைலம், மழைக்கு வைத்திருக்கும் பழைய கோட்டு, எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாளே… வந்துட்டாரு, வந்துட்டாரு, இறங்கு இறங்கு என்று வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கரையேற்றிவிட்டபோது பை கையில் இருந்தது, செருப்பு காலில் இல்லை. படகில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவது பழக்கம், ஈரப் பலகையில் வெறுங்கால்தான் நன்றாகப் பிடிக்கும், அந்தப் பழக்கம் இன்றைக்கு இப்படிப் பழிவாங்க வேண்டுமா? துறையின் சிமெண்ட் மேடை அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. விளக்குக் கம்பத்தின் நிழல் ஒரு கோடாக விழுந்திருக்கிறது, அதில் ஒரு கால்தான் அடங்கும், மற்ற காலை அதன்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, குளத்தில் நிற்கிற கொக்கு மாதிரி… யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பார்க்கிறவர்களை விடு, அந்தச் சர்வேயர் பார்த்தால்? நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை இவர், படகு பார்க்கிற சர்வேயர், வருஷத்துக்கு ஒருமுறை வந்து, படகைத் தட்டி, குனிந்து, முகர்ந்து, இது ஆளை ஏற்றிக்கொண்டு அக்கரை போகலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர். அவர் போட்டால் இன்று மதியமே படகு போகும். போடாவிட்டால் சங்கிலி. போன வருஷம் பக்கத்துப் படகுக்குப் போட்டார்களே, அது இன்னும் அந்த மூலையில்தான் பாசி பிடித்துக் கிடக்கிறது, அதன் சொந்தக்காரர் இந்தப் பக்கம் வந்தாலும் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

பார்க்கப்போனால் இதில் பயப்பட என்ன இருக்கிறது? இந்த ஒரு வாரமாக அந்தப் படகை அவள் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரியல்லவா குளிப்பாட்டினாள்? தீயணைக்கும் சிலிண்டரைத் துடைத்தாள், முதலுதவிப் பெட்டியில் காலாவதியான களிம்பைத் தூக்கிப்போட்டு வேறு வைத்தாள், லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, அறுந்த வாரை மெழுகு நூலால் தைத்து… அந்த ஜாக்கெட்டுகளை அவளுக்கு ஆளைத் தெரிகிற மாதிரித் தெரியும். ஒன்றுக்குக் கொக்கி முரடு, ஓர் அடி கொடுத்தால்தான் மாட்டும், ஒன்றின் கழுத்தில் எவனோ பேனாவால் இதயம் வரைந்து வைத்திருக்கிறான், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதோ, சர்வேயர் அவற்றைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொழுந்தன் கையில் கொடுக்கிறார், ஊதச் சொல்கிறார், ஜாக்கெட்டில் தொங்குகிற விசிலைக் கொழுந்தன் கன்னம் உப்ப ஊதுகிறான், கீச்… அடுத்தது, கீச்… கொழுந்தனைத் துறையில் எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், கை கழுவி யாரும் பார்த்ததில்லை, இப்போது அந்தக் கிரீஸ் வாயால் எல்லா விசிலையும்… ஐயோ, எல்லாவற்றையும் மறுபடி கழுவ வேண்டும். சர்வேயர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வாயில் ஒரு மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டிக்கொண்டு, சொல்லுங்க, சொல்லுங்க என்று கேட்பார், நாம் சொல்வோம், சொல்லிக்கொண்டே போவோம், கடைசியில் சொல்லக் கூடாததையும் சொல்லிவிடுவோம். அதனால்தான் வீட்டுக்காரர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்தபடி நிற்கிறார், படகு இன்னும் கிளம்பவேயில்லை, ஆனாலும் பிடித்திருக்கிறார், விட்டால் ஓடிவிடும் என்பது போல.

ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று. கேபின் வாசலுக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது, மொத்தம் 15 பேர் என்று. பாசஞ்சர் பதின்மூன்று, படகுக்காரர்கள் இரண்டு. வீட்டுக்காரர் ஒன்று, கொழுந்தன் ஒன்று. அந்த எழுத்து மங்கும்போதெல்லாம் அவள்தான் புதுப்பிக்கிறாள், ஐந்தின் வயிற்றைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிடுவாள், கொழுந்தன் அதைப் பார்த்து, அண்ணி, உங்க அஞ்சு மாசமா இருக்கு என்பான். அப்படியானால் அவள்? முதல்முறை படகு லைசென்சுக்கு மனு எழுதிய அன்று அவளும் இதைத்தான் கேட்டாள், மகள் அப்போது மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள், "என்னங்க, என் பேர போடலையா?" என்று. அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். "நீ என்ன கூலிக்கா வர்ற? நீ வீட்டு ஆளு. உன்னைப் போயி வேலையாள்னு எழுதுவேனா?" அதைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு குளிர்ந்துபோயிற்று… அன்று முழுக்க யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்ததே. உள்ளே இருந்த விஷயம் பிறகுதான் புரிந்தது. வேலையாள் என்று எழுதினால் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அவளும் அந்தப் பதினைந்துக்குள் வந்துவிடுவாள், ஒரு பாசஞ்சர் சீட்டு போய்விடும். அவர் பொய் சொல்லவில்லை, அது வேறு, அவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கும். அவளுக்கும்தான் தோன்றியது. கயிறு அவிழ்க்கிறவள் அவள், பலகை போடுகிறவள் அவள், தலை எண்ணுகிறவள், வாந்தி எடுப்பவர்களுக்குப் பை நீட்டுகிறவள், எல்லாம் அவள், ஆனால் சர்வேயர் வருகிற நாளில் மட்டும் அவள் கரையில் நிற்பாள். ஒவ்வொரு வருஷமும். நீ சும்மா அந்தக் கம்பத்துக்கிட்ட நில்லு, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்… அவளும் நிற்பாள். நின்று என்ன குறைந்துவிட்டது? ஒன்றும் குறையவில்லையே. கால்தான் சுடுகிறது.

இப்போது குனிகிறார். இஞ்சின் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார், டார்ச் அடிக்கிறார், கடவுளே, கொஞ்சம் இடது பக்கம் திரும்பாமல் இருந்தால்… திரும்பிவிட்டார். செருப்பைப் பார்க்கிறார். மிட்டாய் நின்றுவிட்டது. "இது யாரோடது?" வீட்டுக்காரர் சுக்கானை இன்னும் இறுக்குகிறார். கொழுந்தன்தான், எப்போதும் அவனுக்குத்தான் வாய் முந்தும், "பாசஞ்சர் யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க சார்" என்கிறான். செருப்பை விட்டுவிட்டு அக்கரையில் இறங்கி வெறுங்காலோடு நடந்து போன பாசஞ்சர்! அவன் அண்ணன் அவனை ஒரு பார்வை பார்க்கிறார். சர்வேயர் இரண்டையும் வாரைப் பிடித்துத் தூக்கி, தைத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவி, கையை நீட்டிக் கரையில், மேடையின் ஓரத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைக்கிறார். "வந்து கேட்டா குடுத்துடுங்க. பாவம், தேடுவாங்க." இப்போது செருப்பு அவளுக்கு நாலே எட்டில் இருக்கிறது. நாலே எட்டு. போய்ப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது, கால் குளிர்ந்துவிடும், படகு போய்விடும். அவள் கம்பத்து நிழலில் காலை மாற்றிக்கொண்டாள். தன் செருப்பையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே… சிரிப்பு வந்தது, அது சிரிப்பா என்றும் தெரியவில்லை. உள்ளங்கால் கொப்புளம் போட்டாலும் சரி, நான் பார்க்க மாட்டேன், அது பாசஞ்சர் விட்டுப்போனது.

"நம்பர் எப்பிடிச் சொல்லுவீங்க?" என்று சர்வேயர் கேட்பது கேட்கிறது. கொழுந்தன் வாக்கி டாக்கியைத் தூக்கிக் காட்டுகிறான், கிளம்புறதுக்கு முன்னாடி துறை ஆபீசுக்குச் சொல்லிடுவோம் சார், எத்தனை பேர்னு, தவறினதே இல்ல. அது உண்மை, தவறியதே இல்லை, ஏனென்றால் சொல்கிறவள் அவள். துறை ஆபீசில் உட்கார்ந்திருக்கும் மைக் அண்ணன், மைக்கைக் கீழே வைக்காத ஆள் என்பதால் அந்தப் பேர், கரகரவென்று கேட்பார், எத்தனைம்மா? பதினஞ்சுண்ணே. போய்ட்டு வாங்க. தினமும், ஒவ்வொரு முறையும், பதினைந்து. "சரி, அந்த நம்பர் எதுக்குன்னு தெரியுமா?" சர்வேயர் மிட்டாயை மாற்றிக்கொள்கிறார். கொழுந்தன் தலையைச் சொறிகிறான், ஓவர்லோடு இல்லன்னு தெரியறதுக்கு சார். "அதுவும்தான். ஆனா அதுக்கு மட்டும் இல்ல. ஏதாச்சும் ஆயிடுச்சுன்னு வைங்க, ஆகக் கூடாது, ஆச்சுன்னா, தேடப் போறவன் முதல்ல கேக்கறது அந்த நம்பரத்தான். பதினஞ்சுன்னா பதினஞ்சு பேர் கிடைக்கிற வரைக்கும் தேடுவான். பதினஞ்சும் கிடைச்சதும் தேடறத நிறுத்திடுவான்." மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார், கதவைச் சாத்திவிட்டு வா என்பது போல. கொழுந்தன் தலையை ஆட்டினான். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவளும் கரையில் நின்றபடி தலையை ஆட்டினாள், பிறகுதான், ஆட்டிய தலை அப்படியே… நிறுத்திவிடுவான். பதினைந்து கிடைத்ததும். எல்லாரும் வந்தாச்சு என்று போர்வையைப் போர்த்தி, சூடாக எதையாவது குடிக்கக் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு…

அந்தக் காற்று நாள் ஏன் இப்போது வருகிறது? நன்றாக வெயிலடித்துக்கொண்டிருந்து, நடு ஆற்றில் திடீரென்று வானம் சாம்பல் பூசிக்கொண்டு, படகு ஒரு பக்கம் சரிந்து, எல்லோருடைய பைகளும் ஒரே மூலைக்கு ஓடின. அவள்தான் ஜாக்கெட் பெட்டியைத் திறந்தாள், பயப்படாதீங்க, பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல என்று ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டாள், முரட்டுக் கொக்கிக்கு ஓர் அடி, கைக்குழந்தைக்காரிக்கு முதலில், கிழவருக்கு வார் எட்டாமல் தன் இடுப்புக் கயிற்றைக் கழற்றிக் கட்டி… நர்சுக்கும் கட்டினாள், அக்கரை ஆஸ்பத்திரி நர்ஸ், தினமும் கடைசி ஆளாக ஓடி வருகிறவள். வீட்டுக்காரருக்குச் சுக்கானைப் பிடித்தபடியே பின்னாலிருந்து மாட்டினாள், கொழுந்தனுக்குத் தூக்கிப் போட்டாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி காலியாக இருந்தது. காலியாக இருந்ததைப் பார்த்தாள், பார்த்து, அப்பாடா, எல்லாருக்கும் சரியா இருக்கு என்றல்லவா நினைத்தாள்! ஒரு சின்னப் பெண், இரட்டைச் சடை, பல்லெல்லாம் தந்தி அடிக்க, ஆன்ட்டி, உங்களுது எங்க என்று கேட்டது. எனக்கு நீச்சல் தெரியும் கண்ணு என்றாள். தெரியாது. முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கியதே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் ஜாக்கெட்டையெல்லாம் எண்ணிக் காயப்போட்டுவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டு, எல்லாம் இருக்கு என்றார். ஆமாம், எல்லாம் இருக்கு என்றாள் அவளும்.

இஞ்சின் முழங்குகிறது. கொழுந்தன் கயிறு அவிழ்க்கிறான், ஐயோ இப்படியா அவிழ்ப்பது, சுருட்டாமல் காலடியில் போட்டுவிட்டானே… படகு துறைக்கு எதிரே ஒரு வட்டம் போடுகிறது, சர்வேயர் ஒரு காலி டப்பாவைத் தண்ணீரில் எறிகிறார். "ஆள் விழுந்துட்டாரு. காட்டுங்க பாப்போம்." வீட்டுக்காரர் சுக்கானை ஒடிக்கிறார், அழகாக ஒடிக்கிறார், அதில் குறை சொல்ல முடியாது, கொழுந்தன் இஞ்சினைக் குறைத்துவிட்டு, விழுந்தவருக்கு எறிகிற மிதவை ரிங்கை எடுக்க ஓடுகிறான், டப்பாவைப் பார்க்க வேண்டும், கையால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ரிங்கை எறிய வேண்டும், இஞ்சினையும் பார்க்க வேண்டும், அவனுக்கு எத்தனை கை? எப்போதும் மூன்று பேர் செய்கிற வேலை. மூன்றாவது ஆள் இங்கே கொக்கு மாதிரி நிற்கிறாளே! ரிங்கை ஓங்குகிறான், கயிறு கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, "கயித்த மிதிக்காத! காலு, காலு!" யார் கத்தியது? கத்தியது அவள்தான். கை தானாக நீண்டு கீழே காட்டிக்கொண்டிருக்கிறது. பை விழுந்து சீப்பும் தைல பாட்டிலும் மேடையில் உருள்கின்றன. கொழுந்தன் காலை உதறினான், ரிங் ஒருவழியாகப் பறந்து டப்பாவுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. துறையில் உட்கார்ந்திருந்த யாரோ கை தட்டினார்கள்.

போச்சு. எல்லாம் போச்சு. படகு மெதுவாக மேடையை ஒட்டி வருகிறது, வீட்டுக்காரர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. "யாரு அந்தம்மா?" "வீட்லங்க சார். சாப்பாடு கொண்டு வந்தாங்க" என்றார் வீட்டுக்காரர். சர்வேயர் மேடையில் கிடந்த சீப்பைப் பார்த்தார், கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார், மழைக் கோட்டைப் பார்த்தார். அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்த செருப்பை. "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க யாரு?" சொல்லுங்க, சொல்லுங்க… என்ன சொல்வது? இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி, விடை நாக்கு நுனியில் இருக்க வேண்டியதுதானே, இல்லையே. படகுக்காரி என்றால் சங்கிலி. பாசஞ்சர் என்றால் பொய். அவளுக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். "சும்மா… சும்மாதான் சார் நிக்கிறேன்." "சும்மா நிக்கிறவங்களுக்கு இந்தக் கண்ணு வராதும்மா" என்றார் சர்வேயர், கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அழுதாவது தொலைத்திருக்கலாம். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, இன்னொரு வட்டம் அடிங்க என்றார். இரண்டாவது முறை கொழுந்தன் கயிற்றைச் சுருட்டிவைத்துவிட்டு எறிந்தான், ரிங் டப்பாவுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. சர்வேயர் கையெழுத்துப் போட்டார். போட்டு, பேனாவை மூடிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "நான் ரெண்டு பேரப் பாத்தேன். ரெண்டு பேருன்னுதான் எழுத முடியும். படகுல போறவங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கி, வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

கொழுந்தன் துள்ளிக் குதித்தான். "அண்ணி, சாப்பாடு எங்க அண்ணி? சார் கிட்ட அண்ணன் சொன்ன சாப்பாடு?" "உன் வாயில விசில வைக்க!" என்றாள், சிரிப்பு வந்துவிட்டது, எப்படித்தான் வந்ததோ. வீட்டுக்காரர் இறங்கி வந்து அவளுடைய செருப்பை எடுத்து, குனிந்து, காலுக்கு நேரே வைத்தார், வைத்துவிட்டு, "பாசஞ்சரம்மா, உங்க செருப்பு" என்றார். "சுட்டுச்சா?" உள்ளங்கால் எரிந்தது. அந்தக் குனிந்த முதுகையும் நரைத்த பிடரியையும் பார்க்கையில் எல்லாம் மறந்துவிடலாம் போலத்தான் இருந்தது… ஆனாலும் கேட்டாள், "என்னங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் எந்தக் கணக்குல?" அவர் நிமிர்ந்து, கண்ணை இடுக்கி, அன்றைக்குப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். "உனக்கு எதுக்குக் கணக்கு? நீ இல்லாம எனக்குக் கணக்கே கிடையாது." நல்ல மனுஷன். மனதிலிருந்துதான் சொல்கிறார். அன்றைக்குக் குளிர்ந்த அதே இடத்தில் இன்றைக்கு ஏன் குளிரவில்லை? மேடை அவ்வளவு சுட்டுவிட்டதா? அவள் பதில் சொல்வதற்குள் மதியப் பாசஞ்சர்கள் கொட்டகையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்கள், பையும் குடையும் பேச்சுமாக, பலகை போட வேண்டும், கை கொடுக்க வேண்டும், பார்த்து, பார்த்து வைங்க காலை, அந்தப் பக்கம் கொஞ்சம் நகருங்க… ஒன்று, இரண்டு, தலைகள் குனிந்து உள்ளே போகின்றன, விரல் தானாக மடங்குகிறது, ஜாக்கெட் பெட்டி மூடியிருக்கிறது, உள்ளே எத்தனை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பன்னிரண்டாவது ஆள் ஏறியாகிவிட்டது, இன்னும் ஒன்று. "அக்கா! இருங்கக்கா! விட்டுட்டுப் போயிடாதீங்க!" நர்ஸ்தான், வேறு யார், செருப்புச் சத்தம் தடதடவென மேடையில், பை தோளில் நழுவ, ஒரு கால் பலகைமேல் வைத்தாகிவிட்டது, சிரிக்கிறாள், "நீங்க இருக்கீங்கன்னுதான் ஓடி வந்தேன்க்கா." நர்சுக்கு டியூட்டி. அடுத்த படகு சாயங்காலம்தான். வீட்டுக்காரர் கேபினிலிருந்து, ஆச்சா என்கிறார். கொழுந்தன் கயிற்றில் கை வைத்திருக்கிறான், சுருட்டாமல், அவளே இறங்கிக்கொண்டால் இவர்களை அந்தக் கயிற்றோடு விட்டுவிட்டு எப்படி… அவளைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. இருந்தது எப்போதுமே. வாக்கி கரகரக்கிறது, "எத்தனைம்மா?" பொத்தானை அழுத்தினாள், வாயை நம்பித்தான் அழுத்தினாள், வாய்க்குப் பழகியதுதானே, அது பாட்டுக்குச் சொல்லிவிடும் என்று. "பதின…" அவளைச் சேர்க்காத ஐந்துக்கும் சேர்க்கிற ஆறுக்கும் அதுவரை ஒரே சொல்தான், அங்கேதான் பிரிகிறது, இத்தனை வருஷமாக அது பிரிகிற இடமே அவளுக்குத் தெரிந்ததில்லை. விரல் பொத்தானை விட்டது. "முழுசா சொல்லுங்கம்மா, பாதியில கட்டாகுது" என்றார் மைக் அண்ணன். நர்ஸ் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒரு கால் பலகையில், ஒரு கால் கரையில். வாக்கியைப் பிடித்தபடி அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள், படகில் ஏறியதும் கழற்றுகிற செருப்பில் ஒன்றைத்தான் கழற்றியிருந்தாள்.